கடைச் சொத்தை அடமானம் வைக்கும் முன்: வணிகர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்குமான ஆவண வழிகாட்டி

ஜிஎஸ்டி கணக்கு ஒழுங்காக இருக்கிறது, வருமான வரி மூன்று ஆண்டுகளுக்குத் தாக்கலாகியிருக்கிறது, மேலாளரும் சம்மதித்துவிட்டார். ஆனாலும் கடன் வரவில்லை. விசாரித்தால் "லீகலில் நிற்கிறது", அதாவது வங்கி வக்கீலின் ஆவணச் சரிபார்ப்பில் நிற்கிறது, என்று பதில் வரும். தமிழ்நாட்டில் சொத்தை வைத்துத் தொழில் கடன் கேட்கும் வணிகர்களில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் சொத்தில் என்ன குறை இருக்க முடியும் என்று நினைக்கிறோம். தலைமுறை தாண்டி வந்த சொத்தில்தான் குறை அதிகம் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கி தன் பட்டியலில் வைத்திருக்கும் பேனல் வக்கீலுக்குக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போனாலும், அவர் வங்கியின் வக்கீல். வங்கிப் பணம் முழுகாமல் காப்பதே அவர் வேலை. சொத்துரிமை பற்றிக் கவனக்குறைவாகக் கருத்துரை கொடுத்தார் என்பதற்காக மட்டும் வக்கீலைக் குற்றவழக்கில் சேர்க்க முடியாது என்று 2012இல் நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் பிழையான கருத்துரைக்காக அவரை வங்கி பேனலிலிருந்து நீக்கலாம், பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். அதனால் சந்தேகம் வந்தால் அவர் ஊகிக்க மாட்டார், இன்னொரு ஆவணம் கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்தால் மாதங்கள் மிச்சம். வங்கிக்குப் போகும் முன் உங்களுக்கென்று ஒரு சிவில் வக்கீலிடம் ஆவணங்களைக் காட்டுவதற்கு ஆகும் செலவை வீண் என்று கருதாதீர்கள்.

சொத்து உண்மையில் தேவையா?

குறு, சிறு நிறுவனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணைச் சொத்து கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேலும், குறு, சிறு நிறுவனக் கடன்களுக்கான சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்தில் பிணையில்லாமல் கொடுக்க வழியிருக்கிறது. உத்யம் என்ற குறு, சிறு நிறுவனப் பதிவைச் செய்துவிட்டு, இந்த வழியை எழுத்தில் கேளுங்கள். 8 லட்சம் சரக்குக் கடனுக்காகக் குடியிருக்கும் வீட்டைக் கொடுப்பது சரியான கணக்கல்ல. ஒருமுறை அடமானத்தில் போன பத்திரத்தை, கடன் பாதி தீர்ந்த பிறகும் திரும்ப எடுக்க முடியாது.

சொத்து வைத்தே ஆகவேண்டும் என்றால் எந்தச் சொத்து என்பதில் நிதானம் வேண்டும். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தின் மீது செல்லாது, ஆகவே பெரும்பாலான வங்கிகள் தொழில் கடனுக்கு அதை விரும்புவதில்லை. சகோதரர்களோடு பிரிக்காமல் இருக்கும் சொத்து, ஒப்புதல் இல்லாத மனை, நடைபாதை வழியாக மட்டும் போகக்கூடிய பின்மனை ஆகியவையும் சிக்கல் தரும். தெருவைப் பார்த்த, தனிப் பட்டா உள்ள, உங்கள் ஒருவர் பெயரில் கிரயமான சொத்து இருந்தால் அதை முன்னே வையுங்கள்.

பத்திரச் சங்கிலியை எழுதிப் பாருங்கள்

ஒரு முழுத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பத்திரத்திலிருந்து பின்னோக்கிக் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு ஒவ்வொரு கைமாற்றத்தையும் எழுதுங்கள்: பதிவு தேதி, பத்திர எண், சார்பதிவாளர் அலுவலகம், யாரிடமிருந்து யாருக்கு, எந்த வகை ஆவணம், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை. 30 ஆண்டு என்பது குறைந்தபட்சம். அந்த எல்லையில் ஒரு செட்டில்மென்டோ (குடும்பத்துக்குள் விலையில்லாமல் எழுதிக்கொடுத்த பத்திரம்) பாகப்பிரிவினையோ நின்றால், கொடுத்தவருக்குச் சொத்து எப்படி வந்தது என்பதற்கான மூலப்பத்திரம் வரை போகவேண்டும்.

அந்தத் தாளில் ஒருவர் இறந்து அடுத்தவர் பெயர் வரும் இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். சங்கிலி அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஓர் உதாரணம். இந்துக் குடும்பம். தந்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கடையை உயில் எழுதாமல் 1998இல் காலமானார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று, தாயும் தம்பியும் கொடுத்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று மூத்த மகன் நினைக்கிறார். ஆனால் தந்தை இறந்த அன்று அவருடைய தாய், அதாவது பாட்டி, உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாய் முதல் வகுப்பு வாரிசு. இறந்தவரின் தந்தை அந்த வகுப்பில் இல்லை. ஆகவே சொத்து நான்காக அல்ல, ஐந்தாகப் பிரிகிறது. பாட்டியும் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. சித்தப்பாவும் அத்தையும் இப்போது கடையில் சிறு பங்குதாரர்கள். அவர்களுடைய விடுதலைப் பத்திரம் இல்லாமல் வக்கீல் "தெளிவான உரிமை" என்று எழுதமாட்டார், எழுதவும் கூடாது. வாரிசுச் சான்றில் இறந்த தேதியையும் தாயின் பெயரையும் முதலில் பாருங்கள். தாய் முன்பே இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றை இணையுங்கள். அது இல்லாததால் மட்டும் திரும்பி வரும் கோப்புகள் உண்டு.

மகள்களின் பங்கிலும் இதே கவனம் தேவை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அது அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களைச் சேர்க்கவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் அசைக்காது. ஆனால் மகன்கள் மட்டும் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, பட்டா மாற்றி, வாடகை வாங்கி வந்த சொத்துகளுக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. அக்கா தங்கைகளிடம் போய்ப் பேசி, நியாயமாகத் தீர்த்து, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்குவதே வழி. "அவங்க கேக்கமாட்டாங்க" என்பது வங்கிக்கு ஆதாரமாகாது. அவர்களுக்கு உரியதைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதும் முறையல்ல. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுரிமை விதிகளே வேறு. அந்தக் கணக்கை இதோடு கலக்காதீர்கள்.

வாரிசு விஷயம் முடிந்ததும் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது மைனர். ஒரு மைனருக்குத் தனியாக உரிய சொத்தை நீதிமன்ற அனுமதியில்லாமல் காப்பாளர் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயதாகி மூன்று ஆண்டுகளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டதா என்று பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டாவது பவர், அதாவது ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம். பவர் ஏஜென்ட் கிரயம் செய்த அன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா, பவர் ரத்தாகாமல் இருந்ததா என்பதற்கு ஆதாரம் வேண்டும். கிரயமே இல்லாமல் பவரையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்து உரிமை கோர முடியாது என்பது 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ந்துவிட்டது. மூன்றாவது, குறைமதிப்பு. பத்திரத்தில் காட்டிய விலை குறைவு என்று முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் அது விலை நிர்ணயத்துக்குப் போய் நிலுவையில் இருந்தால் அசல் உங்கள் கையில் இருக்காது. பாக்கித் தீர்வையைக் கட்டி அசலை வாங்கிய பிறகே வங்கிக்குப் போகவேண்டும்.

அசல் தொலைந்திருந்தால் சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆனால் காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு மூன்றும் இல்லாமல் வங்கி நகலை ஏற்காது. பல வங்கிகள் இவை இருந்தாலும் தயங்கும். காரணம் எளிது: தொலைந்ததாகச் சொல்லப்படும் அசல் வேறொருவரிடம் அடகில் இருக்கலாம்.

வில்லங்கச் சான்று

பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான பதிவுகளைப் பெரும்பாலான ஊர்களுக்குப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்குக் கையால் தேடித் தரச் சொல்லி மனு கொடுக்கவேண்டும்.

"வில்லங்கம் ஏதுமில்லை" என்று சான்று வந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். உங்கள் சொந்தக் கிரயப் பத்திரமே அதில் வராவிட்டால், தேடிய எண் தவறு என்று பொருள். உட்பிரிவு 124/2 என்று இருந்தது பின்னர் 124/2ஏ1 ஆகியிருக்கும். பழைய சர்வே எண் நகர அளவையில் வேறு எண்ணாக மாறியிருக்கும். தாய் எண், உட்பிரிவு எண், பழைய எண், நகர அளவை எண் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியே தேடுங்கள். கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகங்களிலும் சான்று எடுக்கவேண்டும். பழைய அடமானம் ஒன்று தெரிந்தால், கடன் அடைந்தது என்பதற்கான ரசீது ஆவணம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா காலத்தில் கூட்டுறவு வங்கியில் வாங்கி அடைத்த கடனுக்கு ரசீது பதியாமல் விட்டிருப்பார்கள். இன்றைய கடன் அதனால் நிற்கும்.

பதிவு செய்யப்பட்டதை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். பதியாத உயில், நிலுவையிலுள்ள வழக்கு, வரி பாக்கிக்கான நடவடிக்கை எல்லாம் அதில் இல்லாமல் போகலாம்.

பட்டா, புலப்படம், பரப்பு

பட்டா உரிமைப் பத்திரமல்ல. ஆனால் பட்டா முந்தைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால் கோப்பு நகராது. 1979 முதல் 1987 வரை நடந்த யூடிஆர் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரும் பரப்பும் தவறாக ஏறிய இடங்கள் நிறைய. கிராம நில விவரப் பதிவேடான அ பதிவேட்டை எடுத்து, பட்டா யார் வழியாக வந்தது என்று பத்திரச் சங்கிலியோடு ஒப்பிடுங்கள். நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் வரைபடமும் தேவை. அ பதிவேட்டில் "அரசு புறம்போக்கு", "கோயில்", "வக்ஃப்" என்று எங்காவது குறிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள். ஆதிதிராவிடருக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலமாக இருந்தால் அதை வேறு வகுப்பாருக்கு விற்றதே செல்லாது. அந்த நிலத்தை எந்த நேர்மையான வக்கீலும் அடமானத்துக்குப் பரிந்துரைக்கமாட்டார்.

பரப்பைக் கணக்கிடும்போது அலகுகளில் ஏமாறவேண்டாம். பட்டாவில் 0.02.50 ஹெக்டேர் என்றால் 2.50 ஏர், அதாவது 250 சதுர மீட்டர். சுமார் 2,691 சதுர அடி, ஏறக்குறைய 6.18 சென்ட். பத்திரத்தில் 2,800 சதுர அடி என்று இருந்தால் எது குறைவோ அதைத்தான் மதிப்பீட்டாளர் எடுத்துக்கொள்வார். பரப்பு அதிகம் வித்தியாசப்பட்டாலோ எல்லைகள் பொருந்தாவிட்டாலோ சர்வேயரை வைத்து அளந்து, தேவையானால் பிழைதிருத்தல் பத்திரம் போடுங்கள். பிழைதிருத்தல் பத்திரத்தில், மூலப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவரோ அவர் வாரிசுகளோ கையெழுத்திட வேண்டும். அவர்கள் ஊரில் இருக்கும்போதே முடிப்பது நல்லது.

மனை, கட்டட ஒப்புதலைச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20க்கு முன் வாங்கிய மனை என்றால் வரன்முறைப்படுத்திய ஆணையைக் கேட்பார்கள். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று மாடி கட்டியிருந்தால் மூன்றாவது மாடிக்கு மதிப்பு கிடைக்காது. சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் மூன்றும் ஒரே பெயரில் இருக்கட்டும். ஆதாரிலும் பத்திரத்திலும் பெயரோ இனிஷியலோ மாறினால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் தயாராக இருக்கட்டும்.

கையெழுத்து போடுபவர்கள்

கூட்டு நிறுவனத்தின் சொத்து என்றால் ஒரு பங்குதாரர் மட்டும் கையெழுத்திட்டு அடமானம் வைக்க முடியாது. எல்லோரும் வேண்டும், அல்லது தெளிவான எழுத்து அதிகாரம் வேண்டும். நிறுவனம் நடத்துவது ஒருவர், சொத்து மனைவி பெயரில் என்றால், மனைவி அடமானதாரராகவும் ஜாமீன்தாரராகவும் ஆகிறார். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு. முதலில் கடன்காரரிடம் வசூலித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. இதை வீட்டுப் பெண்களிடம் படித்துச் சொல்லி, புரிந்த பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

ஒப்புதல் கடிதமும் பதிவும்

ஒப்புதல் கடிதம் வந்ததும் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். வட்டி எந்த அடிப்படை விகிதத்தோடு இணைந்தது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், அபராதக் கட்டணம், காப்பீடு கட்டாயமா, இந்தப் பிணை எதிர்காலக் கடன்களுக்கும் நீளுமா என்று வரி வரியாகக் கேளுங்கள். 2026 ஜனவரி 1 முதல் ஒப்புதலாகும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர்களுக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கும் முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணத்தை ரிசர்வ் வங்கி பெரிதும் நீக்கியிருக்கிறது. சில வகை நிறுவனங்களுக்குத் தொகை வரம்பு உண்டு, ஆகவே உங்கள் வங்கி எந்த வகை என்று கேளுங்கள்.

அடமானம் பெரும்பாலும் உரிமைப்பத்திர ஒப்படைப்பு முறையில் நடக்கும். அசல்களை ஒப்படைத்ததற்கான ஒப்பந்தத்தை 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். கடன் தொகையில் 0.5 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. உச்சவரம்பைப் பதிவுத்துறைத் தளத்தில் அன்றைய அட்டவணையில் பாருங்கள். ஒப்படைத்த ஒவ்வொரு ஆவணத்தையும் "அசல்", "சான்றிட்ட நகல்", "ஜெராக்ஸ்" என்று வகைப்படுத்தி, பக்க எண்ணிக்கையோடு, வங்கி முத்திரையுடன் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை அசல் காணாமல் போனால் இந்தத் தாள்தான் உங்கள் சாட்சி.

சங்க நிர்வாகிகள் செய்யக்கூடியது

ஊர் வணிகர் சங்கத் தலைவர் மேலாளருக்குப் போன் போட்டுப் "பார்த்துச் செய்யுங்க" என்று சொல்வதால் பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடாது. அந்தச் செல்வாக்கை வேறு விதத்தில் செலவிட்டால் உறுப்பினர்களுக்கு நிலையான பயன் கிடைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, கடன் தேவைப்படாத காலத்தில், ஓர் ஆவண முகாம் நடத்துங்கள். ஒரு சிவில் வக்கீல், ஒரு உரிமம் பெற்ற சர்வேயர், ஒரு பட்டயக் கணக்காளர் போதும். உறுப்பினர்கள் ஜெராக்ஸ் மட்டும் கொண்டுவரட்டும். அசல் எதையும் சங்க அலுவலகத்தில் ஓர் இரவுகூட வைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் என்ன குறை, யார் கையெழுத்து தேவை, எந்த அலுவலகம் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். ஒரே வணிக வளாகத்தில் பலருக்கும் ஒரே குறை இருந்தால், உதாரணமாக வரன்முறைப்படுத்தாத மனைப்பிரிவு, கூட்டாக மனு கொடுக்கலாம். ஒருவருடைய குடும்பப் பங்கு விவரம் இன்னொரு உறுப்பினர் காதுக்குப் போகக் கூடாது. ஒருமுறை போனால் அடுத்த முகாமுக்கு ஆள் வராது.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னோடி வங்கியும் அதற்கொரு மேலாளரும் உண்டு. 1969 முதல் இருக்கும் ஏற்பாடு. ஒரே வங்கிக் கிளை திரும்பத் திரும்ப விதிக்கு மாறாகப் பிணை கேட்டால், தேதி, தொகை, மறுப்புக் கடிதம் ஆகியவற்றோடு அவரிடமும் மாவட்டத் தொழில் மையத்திடமும் சங்கம் எழுத்தில் கொடுக்கவேண்டும். தனி உறுப்பினர் வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தொலைபேசி எண் 14448.

சங்கம் கொடுக்கும் நற்சான்றுக் கடிதத்தில் "இவர் எங்கள் உறுப்பினர், இத்தனை ஆண்டுகளாகத் தொழில் செய்கிறார்" என்பதோடு நிறுத்துங்கள். "கடனைத் திருப்பிச் செலுத்துவார், அதற்கு நாங்கள் பொறுப்பு" என்ற தொனியில் ஒரு வரி போனாலும் அதை ஜாமீனாக வாதிட இடம் கொடுக்கிறீர்கள். நிர்வாகிகள் கமிஷன் வாங்குவதும் கூடாது.

சங்கக் கட்டடத்துக்கே கடன் என்றால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு, கடன் வாங்கத் துணைவிதியில் இடம், பொதுக்குழுத் தீர்மானம், நிர்வாகிகள் மாற்றம் மாவட்டப் பதிவாளரிடம் ஏறியிருப்பது, எல்லாம் வேண்டும். பல ஊர்களில் இடம் பழைய தலைவரின் சொந்தப் பெயரில் கிரயமாகியிருக்கும். அவர் இருக்கும்போதே சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய வாரிசுகள் எல்லோரிடமும் போய் நிற்கவேண்டி வரும்.

தவணை தவறினால்

நிலுவை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதற்கு முன்பே 30, 60 நாள்களில் வங்கி உங்களைக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டுவிடும். மறுசீரமைப்பு பற்றிப் பேச அதுவே சரியான நேரம். வாராக்கடன் ஆனபின் சர்ஃபாசி 13(2) நோட்டீஸ் வரும், 60 நாள் அவகாசம். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லவேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எந்த நன்மையும் இல்லை. சுவாதீன நடவடிக்கை, அதாவது வங்கி சொத்தைத் தன் வசம் எடுப்பது, தொடங்கினால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 45 நாள்களுக்குள் மனு செய்யவேண்டும். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் உள்ளன. முழுப் பணத்தையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஏல நாள்வரை நேரமிருக்கிறது என்று பழைய நினைப்பில் இருந்து சொத்தை இழக்காதீர்கள்.

கடன் முடிந்த பின்

தனிநபர் கடன்களில், முழுத்தொகை கட்டிய 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். இது 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. தொழில் கடனுக்கு எத்தனை நாளில் தருவார்கள் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய பட்டியலை வைத்து ஒவ்வொரு ஆவணத்தையும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து வாங்குங்கள். பிறகு வங்கி அதிகாரியோடு சார்பதிவகம் போய் ரசீது ஆவணத்தைப் பதியுங்கள். மத்திய பிணைப் பதிவேடான செர்சாயிலும் பிணை நீக்கப்பட்டதாக வங்கி பதிவு செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். சில வாரம் கழித்து ஒரு புதிய வில்லங்கச் சான்று எடுத்து, ரசீது ஏறியிருப்பதைப் பார்த்து, அதையும் பத்திரக் கட்டோடு சேர்த்து வையுங்கள்.